வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, புத்தகக் கண்காட்சிப் பயணம், மாணவர் பேச்சுப்போட்டி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் நின்றது.

ஆல்தார்ப் பிரபு (1782–1845) பற்றி நான் மூன்று மாலை பேசியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "இங்கிலீஷ் பிரபு நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் நிதியமைச்சர் அவர். வாக்குரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவர். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 1833 சட்டத்துக்கு அவர் பெயரே வழங்கியது. ஏழைகளை வாட்டிய 1834 ஏழைகள் சட்டமும் அவர் காலத்ததுதான். அதையும் நான் மறைக்கவில்லை.

பேச்சு வராதவர். ஒருமுறை சபையில், "எதிர்வாதத்தை மறுக்கும் கணக்கைப் போட்டிருந்தேன், தாள் தொலைந்துவிட்டது" என்றாராம். அவர் சொல்லை நம்பியே சபை வாக்களித்தது என்பார்கள். மனமெல்லாம் நாட்டிங்ஹாம்ஷயரில், வைஸ்டன் பண்ணையின் ஷார்ட்ஹார்ன் மாடுகளிடம்தான். 1834 நவம்பரில் தந்தை இறந்து ஸ்பென்சர் பிரபு என்ற குடும்பப் பட்டம் வந்ததும் பதவியை நாடாமல் மாடுகளிடமே போனார். 1838இல் இங்கிலாந்து வேளாண் சங்கம் அவர் முன்முயற்சியால் பிறந்தது. முதல் தலைவரும் அவரே. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டம் பற்றி ஊரே இரண்டாகப் பிரிந்திருந்த காலம். சங்கத்துக்குள் அரசியல் பேசக் கூடாது என்று விதி வைத்தார்கள். அதனால் விக், டோரி இரு கட்சி நிலக்கிழார்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உரத்தையும் வடிகாலையும் பற்றிப் பேச முடிந்தது.

இதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். ஜூன் கூட்டம் கட்சிச் சண்டையில் கலைந்தது உங்களுக்குத் தெரியும். அன்று எழுந்து போன ஒன்பது பேர் இன்றுவரை வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. மூன்று பேர் வீட்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். என் உரைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். நாற்காலி வாடகைகூட என் கைக்காசு.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். இடம் தந்த பள்ளிக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுச் செயலாளர் யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால், கட்சிப் பேச்சு கூடாது என்ற விதியை முதல் கூட்டத்திலேயே முன்வைப்பேன். அந்த ஒன்பது பேரும் அன்று வரட்டும். சந்தா பாக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.