அறுவடை என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மழைக்கால முன்னேற்பாடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், "புயல் அடித்தால் மரம் வெட்டும் ஒப்பந்ததாரர்களுக்கு அறுவடைக் காலம்" என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் படிக்க அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், அதனால்தான் அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

நான் போச்சம்பள்ளி பக்கம். 19 வருடமாகத் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். ஓசூரில் இரண்டு கம்பெனி, கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி, புல்தரை, செடி, மரம் எல்லாம் மாத ஒப்பந்தம். 11 பேர் என்னை நம்பி இருக்கிறார்கள்.

2024 ஃபெஞ்சல் புயல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல், கடலையே பார்க்காத நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரில் 33 செ.மீ. ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போன படத்தை நீங்களும்தான் போட்டீர்கள். அன்று மதியத்துக்குள் எனக்கு ஆறு போன். "அண்ணே, எவ்வளவு ஆனாலும் சரி, ஆள் அனுப்புங்க" என்றார்கள். அறுவடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று உங்கள் நிருபர் நினைத்திருக்கலாம். நான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பெனி வேலைக்கு ஆள் போகாத ஒவ்வொரு நாளுக்கும் பில்லில் பிடித்தம் உண்டு. ஜேசிபி வாடகை வழக்கத்தைவிட இரட்டிப்பு (ஜேசிபிக்காரரையும் குறை சொல்ல மாட்டேன், சேற்றில் வண்டியை இறக்குகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்). டிப்பர், டீசல், ஆட்களுக்குச் சாப்பாடு, பேட்டா. போகாமல் இருப்பதுதான் லாபம் என்று கணக்கு சொன்னது. தெரிந்த மனிதர், பக்கத்து ஊர், எப்படிப் போகாமல் இருப்பது?

போனேன். அது ஒரு கல்யாண மண்டபம். உள்ளே முழங்கால் அளவுக்கு வண்டல். அதற்குள் கண்ணாடித் துண்டு, செத்த கோழி, வண்டி ஆயில், எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். வெளியே சாய்ந்து கிடந்த மரங்களில் பட்டை இடுக்கெல்லாம் மணல் ஏறியிருந்தது. மணல் ஏறிய மரத்தில் அறுக்கிற மெஷினை வைத்தால் செயின் அரை மணி நேரத்தில் மழுங்கிவிடும். நாலு நாளில் ஒன்பது செயின் போனது. ஒரு பையனுக்குக் கால் கிழிந்து ஏழு தையல். பேசிய தொகை 1,40,000 ரூபாய், கைக்கு வந்தது 60,000. மீதியைக் கேட்டால், "எனக்கே எல்லாம் போச்சுப்பா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, நான்தான் கண்ணால் பார்த்தேனே. அதற்கு மேல் எப்படிக் கேட்பேன்?

2016 வர்தாவுக்குச் சென்னை போனேன். ஒரு குடியிருப்பில் பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து சுற்றுச்சுவர் மேல் கிடந்தது. இப்படிக் கிடக்கிற மரத்தின் நடுத்தண்டை அறுத்தால், பாரம் குறைந்ததும் வேர்க்கட்டி மண்ணோடு எழுந்து பழையபடி குழிக்குள் உட்கார்ந்துவிடும். தெரியாதவன் அந்தக் குழியில்தான் போய் நிற்பான். எங்கள் பையன் ஒருவன் நின்றான். கடைசி நொடியில் மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார், கிழிந்த காலர் அவர் கையில் இருந்தது. அன்று ராத்திரி எங்களில் யாரும் சாப்பிடவில்லை. மின்சாரம் இல்லை, கம்பியைத் தொடலாம் என்று மாடியிலிருந்து தைரியம் சொன்னவர்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதிலிருந்தே கம்பிக்கு மின்சாரம் ஏறலாம் என்று யோசிக்கவில்லை.

2018 கஜாவுக்குப் பட்டுக்கோட்டை பக்கமும் போய்ப் பார்த்தேன். விழுந்த ஒரு தென்னைக்கு அரசு அறிவித்த நிவாரணம் 1,100 ரூபாய், அதில் வெட்டி அகற்ற 500. இங்கிருந்து ஆளும் மெஷினும் கொண்டுபோய் அந்த 500-க்குக் கட்டாது. கூடக் கேட்கலாம்தான். இருபது வருடம் வளர்த்த தோப்பு மொத்தமும் படுத்துக் கிடக்க, அதன் நடுவில் நிற்கிற மனிதரிடம் எந்த வாயால் பேரம் பேசுவது? டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.

ஒரு மரத்துக்கு 25,000 கேட்டவனையும் நான் பார்த்திருக்கிறேன், மறைக்கவில்லை. வாடகைக்கு மெஷின் எடுத்துக்கொண்டு புயலோடு வந்து புயலோடு போகிறவன் அவன். அவனையும் எங்களையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டீர்கள் என்பதுதான் வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் மழைக்கு முன்னால் நானே போய், கிளையைக் கழித்துவிடலாம், தலைப்பாரம் குறைந்தால் மரம் நிற்கும் என்று சொல்கிறேன். "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். கால்வாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டுகிறார்கள், மிச்ச வேரைச் சுற்றி அடிமரம் வரைக்கும் சிமென்ட் போடுகிறார்கள். இயல்வாகையும் மயில்கொன்றையும் சும்மாவே காற்றுக்குத் தாங்காது. விழுந்தபின் படம் எடுக்க எல்லோரும் வருகிறார்கள். 2019-லேயே இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்பது இரண்டே இரண்டு. எங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும் முன்னால் எங்களில் யாராவது ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள். அப்புறம், புரட்டாசி முடிவதற்குள் ஏதாவது ஒரு ஓரத்தில் கட்டம் கட்டி, மழைக்கு முன் மரக்கிளையைக் கழிக்கவும், வேரைச் சுற்றிச் சிமென்ட் போட வேண்டாம் என்று நாலு வரி போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை, அந்த நாலு வரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
தோட்டப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் ஒருவர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்