இருபது வளைவு

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் அண்ணன் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால் நகையைப் பற்றி அவன் சொன்ன சொல் தப்பு. அவனிடமே அதைச் சொல்லிவிட்டேன். சின்ன விஷயம், விட்டுவிடு என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அது என்னை உறுத்துகிறது.

2008-ல் வியாபாரி நம் கொலுசுப் பட்டறைக்குக் கூலிக்குக் கொடுத்திருந்த வெள்ளியில் 2 கிலோவைச் சித்தப்பா எனக்குத் தெரியாமல் அடகு வைத்தார். உன் அம்மாவின் சங்கிலியை விற்று ஈடு கட்டினேன். அன்றோடு பேச்சு நின்றது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரே தெரு, 10 வருஷம்.

ஆடி மாதம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர். சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டியில் வர, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நீ கூவுவாய். சண்டைக்கு அப்புறம் ஒருநாள் தெருவில் அவரைப் பார்த்து ஓடினாய். கையைப் பிடித்து இழுத்தேன். அடுத்த வருஷம் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. நீயே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, சாமி.

2018 மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏற்காடு பஸ் ஏறினேன். ஒரே ஒரு இடம்தான் காலி, அவர் பக்கத்தில். இறங்கிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கொண்டை ஊசி வளைவு மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் தோளோடு தோள் இடித்தது. மலை ஏறினால் எனக்குக் குமட்டும். ஏழாவதோ எட்டாவதோ வளைவில், சாமிக்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, ஒன்றும் பேசாமல் என் கையில் வைத்தார். சின்ன வயதில் எங்கள் அம்மா எனக்கு அப்படித்தான் தருவாள்.

இன்றுவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பணமும் வரவில்லை. பட்டறையில் அவரை மறுபடி சேர்க்கவில்லை, வெள்ளியை அவர் கையில் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார். அவர் எதிரே வந்தால் நான் சந்து சுற்றிப் போவதில்லை. கேட்டால்தான் மன்னிப்பேன் என்று இருந்திருந்தால், இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

நீ அண்ணனோடு பேசித்தான் ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. பெண்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கோபம் ஆற நாளாகும், ஆகட்டும். உன் பிள்ளை காதுபட மட்டும் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. அது எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று நான் கண்ணால் பார்த்தவன்.

ஆடிக்கு வா. சித்தப்பாவுக்கு முட்டி வலி, வண்டி வேடிக்கைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாதாம். "அவன் மாமன் தூக்குவானா?" என்று நேற்றுக் கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்பா