மலைவழிக் குறிப்பில் தூரம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆள் நடமாட்டம் குறைந்த மலைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் பயணக் கட்டுரைகள், போகவர இத்தனை கிலோமீட்டர் என்பதோடு வழிக்குறிப்பை முடித்துவிடுகின்றன. எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற இரண்டும் அவற்றில் இருப்பதில்லை. 16 கிலோமீட்டர் என்றதும் சமதளத்து வேகத்தை மனதில் வைத்து நாலு மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உச்சி அடிவாரத்திலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில், 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 5 கிலோமீட்டர் ஏறக்குறைய சமதளம். ஏற்றம் முழுக்கக் கடைசி 3 கிலோமீட்டரில். ஏறுவதற்கு 3 மணி 36 நிமிடம். இறங்குவது சுலபம் என்று பாதி நேரம் ஒதுக்குவது வழக்கமான தப்பு. செங்குத்தான சரிவில் ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும். ஆக, இறங்க 2 மணி 16 நிமிடம்.

இதுவும் நல்ல பாதையில், நடந்து பழகியவர், நிற்காமல் போனால் ஆகும் நேரம். பாதை தெளிவில்லாத மலைக்கு, முதுகுச் சுமையோடு, ஓய்வையும் சேர்த்து ஒன்றரை மடங்காக்க வேண்டும். ஏற 5 மணி 24 நிமிடம், இறங்க 3 மணி 24 நிமிடம், மொத்தம் 8 மணி 48 நிமிடம்.

இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சூரியன் 6 மணிக்கு மறையும் என்றால், கையிருப்பாக இரண்டு மணி நேரம் விட்டு, 4 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். அதற்கு 12.30-க்குத் திரும்ப வேண்டும். காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். உச்சியில் அரை மணி உட்கார ஆசையிருந்தால் 6.30-க்கே கிளம்பலாம். 12.30 மட்டும் நகரக்கூடாது. உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சரி, அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டியதுதான். 7 மணிக்குக் கிளம்பியவர் 8.30-க்கு ஏற்றத்தின் அடியை எட்டியிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேரும்போதே 9.15 ஆகிவிட்டால் உச்சி அன்றைக்கு இல்லை. சமதளத்திலேயே முக்கால் மணி பிந்திய குழு ஏற்றத்தில் அதை ஈடுகட்டாது. குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். அவரைக் கடைசியில் விடாமல் முன்னால் நடக்க விடுவது நல்லது.

வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். காரணம் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏறும்போது கிளைமுகடுகள் எல்லாம் ஒன்று சேர்ந்து உச்சிக்குப் போகின்றன. எதில் ஏறினாலும் மேலே போய்விடலாம். இறங்கும்போது அதே முகடுகள் பிரிகின்றன. மூடுபனியில் ஒரு கிளை மாறினால் அடுத்த பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். அதனால் ஏறும்போதே, முகடு சேரும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பி நின்று, இறங்கும் வழி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். காம்பஸில் அந்தத் திசையைப் பார்த்து வரைபடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கலாம் என்ற யோசனை ஆபத்தானது. ஓடை அருவியாக விழும் இடத்தில் மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது.

வரைபடத்தையும் முழுக்க நம்பிவிட முடியாது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை கோட்டில் சிக்காமலே இருக்கலாம். செல்போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு பிளைட் மோடில் போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும். குளிரில் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். காகித வரைபடம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்றால் ஏறத்தாழ நாலரை லிட்டர், அதாவது நாலரை கிலோ சுமை. வழியில் நிரப்பிக்கொள்ள நினைத்தால், வரைபடத்தில் உள்ள ஓடை அந்தப் பருவத்தில் ஓடுகிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அந்தத் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடை, மேலே மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும் மாலையில் இடுப்பளவு வரலாம். அப்படியானால் கடக்காமல் காத்திருங்கள். சிறிய ஓடைகள் மழை விட்ட சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் இரண்டு மணி நேரக் கையிருப்பு.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதோடு காற்றும் சேர்ந்து, பருத்திச் சட்டையும் நனைந்திருந்தால் உடல் வேகமாகக் குளிரும். மழைச்சட்டை, நனையாத பையில் ஒரு மாற்றுடை, தலையில் மாட்டும் டார்ச், விசில் ஆகியவை பகல் நடைக்கும் வேண்டும். உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊத வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். நிமிடத்துக்கு மூன்று ஊதல் கேட்டால் அது பதில்.

கட்டுரைகளோடு நாலு வரிப் பெட்டிச் செய்தி ஒன்று சேர்த்தால் போதும்: மொத்த ஏற்றம், திரும்பும் நேரம், கடைசியாகத் தண்ணீர் கிடைக்கும் இடம், பாதியில் இறங்க மாற்று வழி. வாசகர்கள் இதே விவரத்தை எழுதி, உடன் வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்தத் தாளில் இரண்டு நேரங்கள் வேண்டும்: இறங்கிவிடுவோம் என்று எதிர்பார்க்கும் நேரம் மாலை 4 மணி, தகவல் ஏதும் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டிய நேரம், உதாரணமாக இரவு 8 மணி. இரண்டாவது நேரம் எழுதப்படாவிட்டால் வீட்டில் இருப்பவர் 5 மணிக்கே பதறுவார், அல்லது விடியும்வரை தயங்குவார். பத்திரமாக இறங்கியவர்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே அவருக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மலைநடை வழிகாட்டி ஒருவர்