மகளுக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை பேசியபோது கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தாய். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இரவு நீ அனுப்பிய செய்தியில் காரணம் இருந்தது: "நான்கு கிலோ ஏறிவிட்டது அம்மா, எல்லாம் வீண்." பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீண் இல்லை, கண்ணு. உனக்கு எடையைக் குறைக்கும் இரைப்பை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் எடை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு கொஞ்சம் மேலேறும். சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றைப் பற்றி என் உணவியல் ஆலோசகர் சொல்லியிருக்கிறார். அதில் இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் மாற்றுவழி (பைபாஸ்) சிகிச்சை செய்துகொண்டவர்களின் எடை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 விழுக்காடு குறைந்தது. 10ஆம் ஆண்டில் அந்தக் குறைவு 25 விழுக்காடாக நின்றது. நம் இருவருக்கும் செய்தது வேறு வகை, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்குவது. ஆனாலும் எடை போகும் போக்கு ஏறக்குறைய இதுதான். எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவழிக்கிறது, பசியையும் மெல்லத் திரும்பக் கேட்கிறது. இதில் உன் குற்றம் எங்கே இருக்கிறது?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2016-இல் 104 கிலோவோடு அதே சிகிச்சைக்காக அறுவை அறைக்குள் போனேன். 2018-இல் 69. உன் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு தேக்கா கடைத்தெருவில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் கிருமித்தொற்றால் ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது உன் அண்ணன் பிள்ளையை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவன் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். சர்க்கரை தொட்ட அந்த ஓரத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். பதினோரு மணிக்குப் பரோட்டாவின் ஓரம், நான்கு மணிக்கு இரண்டு முறுக்கும் ஒரு தேத்தண்ணீரும். உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டது ஒரு கைப்பிடிதான். அதனால் நான் குறைவாகச் சாப்பிடுவதாகவே மனதார நம்பினேன். அடுத்த ஆண்டு எடை 78.

கோழித் துண்டு அந்தக் குழாயில் நிற்கும், வயிறு போதும் என்று சொல்லும். முறுக்கு வாயிலேயே மாவாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். இனிப்புத் தேநீருக்கு அந்தத் தடைகூட இல்லை. சின்ன இரைப்பை அளவைத்தான் தடுக்கும். நாள் முழுக்கக் கொறிப்பதை அதனால் தடுக்க முடியாது. இது புரிய எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

அதைவிடப் பெரிய தவறு, வெட்கப்பட்டு மருத்துவச் சந்திப்புகளுக்குப் போகாமல் விட்டது. வைட்டமின் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன். கால் விரல்கள் மரத்துப்போன பிறகுதான் ஓடினேன். இரத்தப் பரிசோதனையில் நரம்புகளுக்கு வேண்டிய வைட்டமின் பி12 தரைமட்டத்தில் இருந்தது. பயந்துகொண்டே எடை பார்க்கும் கருவியில் ஏறினேன். ஆலோசகர் எண்ணைக் குறித்துக்கொண்டு, "நேற்றுக் காலையிலிருந்து வாயில் போனதை எல்லாம் சொல்லுங்கள்" என்றார். திட்டவே இல்லை. அந்தத் தோசை ஓரம் அன்றைக்குத்தான் காகிதத்தில் ஏறியது.

இப்போது 73-இல் நிற்கிறேன். 69-க்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன், இரத்தச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது, அது போதும். தட்டில் முதலில் மீனோ முட்டையோ தௌகுவா என்னும் சோயாக் கட்டியோ, பிறகு காய், இடம் மிஞ்சினால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, அரை மணி நேரம் கழித்துத்தான். உணவங்காடியில் தே-ஓ கொசொங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். முதல் மாதம் கசந்தது, இப்போது சர்க்கரை போட்டால்தான் குமட்டுகிறது. செவ்வாயும் வெள்ளியும் சமூக மன்றத்தில் இரண்டு கிலோ எடைகளைத் தூக்குகிறேன். எடையோடு தசையும் கரைந்துவிடுகிறது, அதைக் காப்பாற்றத்தான். பேரன் தட்டில் மிஞ்சியதை அவன் அப்பா சாப்பிடட்டும்.

நீ அங்கே தனியாகச் சமைத்து, வேலை முடிந்து களைத்து வருகிறாய். இரவில் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வது எதனால் என்று எனக்குத் தெரியாதா? பசி பாதி, தனிமை பாதி. அதையும் உன் மருத்துவரிடம் சொல். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் போய்ப் பார். பசியைக் குறைக்கும் செமாகுளுட்டைடு போன்ற ஊசி மருந்தை எடை திரும்பியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதை எழுதிக் கொடுத்தால் தோற்றுவிட்டதாக நினைக்காதே. இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை கேள். நான்கு கிலோ ஏறியபோதே மருத்துவரிடம் போவது நல்லது. நான் ஒன்பது கிலோ ஏறும்வரை ஒளிந்திருந்தேன்.

இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கத் தேதி வாங்கிவிட்டு எனக்கு எழுது. சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அழைக்கிறேன். கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார், உன்னை முழுசாகப் பார்த்து எத்தனை மாதங்கள் ஆகிவிட்டன.

அன்புடன்,
அம்மா