தண்டலைத் திட்டிய தாலாட்டு

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாரி,

கடிதம் கிடைத்தது. மகன் கோலாலம்பூரில் உணவகத்தில் பரிமாறப் போகிறான் என்பதை இழவுச் செய்தி போல எழுதியிருக்கிறாய். நான் நரைத்ததும் அந்த வேலையில்தான், மறந்துவிட்டாயா? முதலில் சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இ.பி.எப். என்ற ஊழியர் சேமநிதி கட்டுகிறார்களா என்றும் கேட்கட்டும்.

சத்தம் போடுகிற ஆளுக்கு அவன் பயப்பட வேண்டாம். அவர் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவார். பாதிச் சோற்றோடு பேசாமல் இலையை மடிப்பவரிடம்தான் போய் நிற்க வேண்டும். தனியாக வந்த முதியவர் மெதுவாகச் சாப்பிடும்போது பக்கத்து மேசையைத் துடைக்கக் கூடாது. எழுந்து போ என்பதற்குச் சமம் அது. சீனி போடாத தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கேட்டுவிட்டு இரண்டு ஜிலேபி வாங்குபவரிடம் சிரிக்காமல் நிற்கத்தான் எனக்கு வெகுகாலம் பிடித்தது.

மதியக் கூட்டத்தில் ரசம் தளும்பாமல் நடக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக் கொட்டகையில் ஆயா தொட்டிலை ஆட்டியபடி பாடுவாரே, அந்தத் தாலாட்டை வாய்க்குள் முனகுவேன். கால் தானாக நிதானப்படும். அம்மாக்கள் இருட்டோடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறி ரப்பர் பால் ஓட்டம் குறைவதற்குள் தங்கள் மர நிரையை வெட்டி முடிக்க ஓடுவார்கள். ஆயாதான் நம்மைத் தூங்க வைப்பார். பாட்டில் உன் பெயர் வந்ததும் நீ எழுந்து உட்கார்ந்துவிடுவாய். அப்புறம் யாருக்கும் தூக்கமில்லை.

போன வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த ஒரு பாட்டி இந்த முனகலைக் கேட்டுவிட்டு, “நீ எந்தத் தோட்டம்?” என்றார். பக்கத்துத் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டியவராம். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், மாதம் பத்து வெள்ளி கட்டி, அமைச்சராயிருந்த துன் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர். “கடைசி அடியை விட்டுவிட்டாயே” என்று அவரே பாடினார். அடேயப்பா, வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்கு விழுந்த வசவு! மழையில் வேலை போன நாளுக்கும், பால் பிடிக்கும் மங்கில் பால் குறைந்ததற்கும், அவன் மீசைக்கும் சேர்த்துத் திட்டு. நம் ஆயா பாடாததில் வியப்பில்லை; தண்டல் வீடு கொட்டகைக்கு எதிரில்தானே இருந்தது!

கடை இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. தோட்டம் முழுக்க இப்போது செம்பனை. லய வீடுகளில் போய்க் கேட்கவும் ஆளில்லை. உன் அக்கா மரம் வெட்டப் போனவர், அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி விடாமல் கேட்டு எழுது. வெட்கப்பட்டால், நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்