அரியேல் கடல்கன்னி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தைப் பெயர்கள் பக்கத்தில் 'ஏரியல்' என்ற பெயரைப் பெண் குழந்தைகள் வரிசையில் போட்டு, மொழி ஆங்கிலம், பொருள் கடல்கன்னி என்று அச்சிட்டிருந்தீர்கள். அதற்கு இந்த வாரம் பதில் எழுதிய வாசகர், இஸ்ரேல் பிரதமராக இருந்த ஏரியல் ஷரோனைக் காட்டி, அது ஆண் பெயர், பெண்ணுக்கு வைக்கவே கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஆணா பெண்ணா என்பதில் நீங்கள் இருவருமே பாதிதான் சரி. நீங்கள் கொடுத்த மொழியும் பொருளும் மட்டும் முழுத் தப்பு.

இது எபிரேயப் பெயர். 'அரி' என்றால் சிங்கம், 'ஏல்' என்றால் கடவுள். கடவுளின் சிங்கம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் பொருள். (தமிழிலும் அரி என்றால் சிங்கம் உண்டு, லயன்ஸ் கிளப்பை அரிமா சங்கம் என்கிறோம். அது தற்செயலான ஒற்றுமை, இதை வைத்துக்கொண்டு யாரும் வாட்ஸ்அப்பில் ஆராய்ச்சியைக் கிளப்பிவிட வேண்டாம்.) தமிழ் வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு அரியேல் என்று எழுதினால் உடனே பிடிபடும். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குக் கிளம்பிய கூட்டத்தை வேத அறிஞர் எஸ்றா எண்ணிப் பார்க்கிறார், ஆலயப் பணி செய்யும் குலத்தாரான லேவியர் ஒருவர்கூட இல்லை, உடனே அவர்களை அழைத்துவரச் சில தலைவர்களை அனுப்புகிறார். அந்தத் தலைவர்களில் ஒருவர் பெயர் அரியேல், எஸ்றா 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்தான். வந்த ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்தப் பெயரின் பெருமைக்கெல்லாம் காரணம் அந்த மனிதர் இல்லை, ஏசாயா 29-ஆம் அதிகாரம். அங்கே அரியேல் என்பது தாவீது தங்கிய நகரம், அதாவது எருசலேம். தீர்க்கதரிசி அந்த நகரத்தைப் பார்த்து 'ஐயோ அரியேலே' என்று புலம்புகிறார். எபிரேயத்தில் ஊர்ப் பெயர்கள் பெண்பால், அதனால் அடுத்த வசனத்திலேயே அரியேலுக்கு வரும் வினை 'அவள் இருப்பாள்' என்கிற மாதிரி பெண்பாலில்தான் நிற்கிறது. தமிழில் பெயர்க்கும்போது நகரம் அஃறிணை ஆகிவிடுவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. ஆக, கடல்கன்னி படமெல்லாம் வருவதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் முன்பே, ஒரே வேதத்துக்குள் அரியேல் ஓரிடத்தில் அவன், இன்னோரிடத்தில் அவள்.

அதே வசனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நகரம் எனக்கு அரியேலைப்போல ஆகும் என்று கடவுள் சொல்வதாக வருகிறது. ஏற்கெனவே அரியேலாக இருக்கிற ஊர் எப்படி அரியேலைப்போல ஆகும்? எசேக்கியேல் 43-இல் பலிபீடத்தில் நெருப்பு எரியும் மேல்தட்டுக்குக் கிட்டத்தட்ட இதே சொல்தான் வருகிறது, 12 முழ நீளம், 12 முழ அகலம் என்று அளவோடு. ஆகவே இங்கே சிங்கம் இல்லை, பலிபீட அடுப்பு, ஊரே பலிபீடம்போல் இரத்தமும் நெருப்புமாகும் என்ற எச்சரிக்கை இது என்று உரையாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருந்துவதாகப் படுகிறது. யூத மரபு சிங்கத்தையும் விடவில்லை. எருசலேம் ஆலயம் முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் ஒடுங்கியும் சிங்கம்போல் இருந்தது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லி, சாட்சிக்கு ஏசாயாவின் அந்த 'ஐயோ அரியேலே' வசனத்தைத்தான் காட்டுகிறது. எருசலேம் நகராட்சிச் சின்னத்தில் இன்றும் நிற்பது சிங்கம்தான்.

சரி, கடல்கன்னி எங்கிருந்து வந்தாள்? 1989-இல் வந்த டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்திலிருந்து, அதில் வரும் கடல்கன்னியின் பெயர் ஏரியல். மூலக்கதையை எழுதிய ஆண்டர்சன் தன் கடல்கன்னிக்குப் பெயரே வைக்கவில்லை! அந்தப் படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயர் மளமளவென்று பெருகியது உண்மை. அதற்கு முன்பும் ஆங்கில உலகில் இந்தப் பெயர் ஆணுக்கே என்று இருந்ததில்லை. ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தில் ஏரியல் ஒரு காற்றாவி. நாடகம் அதை ஆணாகவே சொன்னாலும் மேடையில் நீண்ட காலம் நடிகைகள்தான் அந்த வேஷம் கட்டினார்கள். யுரேனஸின் நிலா ஒன்றுக்கும் ஏரியல் என்று பெயர், 1851-இல் கண்டுபிடித்தது. நாகரிகங்களின் வரலாற்றைக் கணவரோடு சேர்ந்து எழுதி 1968-இல் புலிட்சர் பரிசு வாங்கிய ஏரியல் டூரன்ட் பெண்தான். அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் வேறு, ஷேக்ஸ்பியரின் அந்த ஆவியை நினைத்து கணவர் கூப்பிட ஆரம்பித்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

இஸ்ரேலில் இன்று பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள், பெண்களுக்கும் வைக்கிறார்கள். பெண் என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் அரியேலா என்பார்கள். பேச்சில் குழப்பம் வராது, ஏனென்றால் தமிழில் அவன் வந்தான், அவள் வந்தாள் என்பதில்தான் பால் தெரியும், எபிரேயத்திலோ எதிரே நிற்பவரை 'நீ' என்று கூப்பிடும்போதே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் இந்த விஷயத்தில் கில்லாடிகள். சாராவைச் சாராள் ஆக்கினார்கள், ரெபெக்காளையும் லேயாளையும் விடவில்லை, செலொப்பியாத்தின் மகள் நோவாவுக்கும் ஒரு 'ள்' போட்டு நோவாள் என்றார்கள். பேழை கட்டிய நோவாவோடு அவளை யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. எபிரேயத்திலும் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்தான், ஆங்கில உச்சரிப்பில்தான் ஒன்றாகிவிட்டன. அரியேலுக்கு அப்படி வால் ஒட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

அதனால் அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இந்தப் பெயரை ஆண், பெண் இரண்டு வரிசையிலும் போடுங்கள், மொழி எபிரேயம் என்று மாற்றுங்கள். எழுத்தும் அரியேல் என்றே இருக்கட்டும், எபிரேயத்தில் அழுத்தம் விழுவது கடைசி 'ஏல்' மேல்தான். ஏரியல் என்றால் இங்கே பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சலவைத்தூள் விளம்பரத்தைச் சொல்லியே அந்தக் குழந்தையைப் படுத்தி எடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை