பெல்ட்டுக்கும் வயது வரம்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாததால் என் மகள் வயிற்றுப் பேத்தி இந்தக் கோடை முழுக்க ‘பாவ்லிக் ஹார்னஸ்’ என்ற பெல்ட்டில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அது கண்ணில் பட்டதே தற்செயல் என்பதால்தான் எழுதுகிறேன்.

வயிற்றில் தலை திரும்பாமல் இருந்த பிரீச் குழந்தை, சிசேரியன். டிஸ்சார்ஜ் சீட்டில் எடை, தாய்ப்பால், தடுப்பூசித் தேதி எல்லாம் இருந்தன. இடுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. 6-வது வாரத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர், குழந்தையின் முழங்கால்களை மடக்கி அகட்டிப் பார்த்தவர், “பிரீச்சா?” என்று கேட்டு ஸ்கேன் எழுதினார். அன்று வேறு யாராவது டியூட்டியில் இருந்திருந்தால்?

இதில் குழந்தைக்கு வலி இருக்காது, அழாது. பல வீடுகளில் நடக்க ஆரம்பித்து, சாய்ந்து சாய்ந்து வரும்போதுதான் தெரிகிறது. முதல் சில மாதங்களில் தொடை எலும்பின் பந்து குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரே உதவாது, அல்ட்ராசவுண்ட்தான் பார்க்க வேண்டும். பெல்ட்டும் பொதுவாக 6 மாதத்துக்குள்தான் பலன் தரும். அதற்கப்புறம் மயக்க மருந்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு, இன்னும் தாமதமானால் ஆபரேஷன்.

பெல்ட் என்றாலும் தையல்காரிக்கே சவாலான சமாச்சாரம். தோளில் பட்டை, மார்பைச் சுற்றிப் பட்டை, பாதங்களுக்கு உறை. முன்பட்டை காலை மடக்கி வைக்கும், பின்பட்டை தொடைகளைச் சேரவிடாது. தவளை மாதிரி இருந்துகொண்டே கால் ஆட்டலாம். கொஞ்சம் தளர்த்திவிட என் கை துறுதுறுத்தது. டாக்டர் பட்டைகளில் பேனாவால் கோடு போட்டு, இது நகரவே கூடாது என்றார். அதிகம் மடங்கினால் தொடை நரம்பு அழுந்துமாம், அதிகம் அகண்டால் பந்துக்கு ரத்தம் போவது குறையுமாம். ராத்திரி பகல் கழற்றாமல் இந்த ஊர் வெயிலில்! உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, ஈரத்துணியால் துடைப்பது, கால் மடிப்புகளில் புண் வருகிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் வழி. “பச்சைப் பிள்ளையைக் கட்டிப்போட்டு வச்சிருக்கீங்களே” என்று வந்தவர்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். அவர்களே குழந்தையின் இரண்டு காலையும் நேராக இழுத்துத் துணியில் இறுக்கிச் சுற்றுகிறவர்கள். மூட்டுக்குக் கெடுதல் அதுதான். கொஞ்சம் வளர்ந்தபின் நாம் இடுப்பில் உட்கார வைத்துத் தூக்குகிறோமே, அந்தப் பழக்கம் நல்லதாம்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் பிறவிக் குறைகள் பட்டியலில் இந்த இடுப்புக் குறையும் இருக்கிறது. பிரிட்டனில் பிரீச் குழந்தைகளுக்கு 6 வார வயதுக்குள் இடுப்பு ஸ்கேன் பார்த்துவிடுகிறார்கள். இங்கே நம் சுகாதாரத் துறை ஒன்று செய்யலாம்: குழந்தை பிரீச்சாக இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்தாலோ, டிஸ்சார்ஜ் சீட்டில் தடுப்பூசித் தேதிக்குக் கீழேயே ‘இடுப்பு ஸ்கேன்’ என்று எழுதி, எங்கே எடுப்பது என்பதையும் குறித்துக் கொடுக்கச் சொல்லலாம். தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து உத்தரவு போட வேண்டும். சீட்டில் இருந்தால் எங்கள் தெருவில் யாரும் தேதியைத் தவற விட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை-11